சாவி எங்கே அண்ணாச்சி?

பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவருக்கு மொத்த வியாபாரம். ஆபீஸ் ஜங்ஷனில். ஒரே சர்வருக்குள் ஆறு விர்ச்சுவல் மெஷின். நம்ம ஊர் வளவு மாதிரி, ஒரே கூரை, ஆறு குடித்தனம்.

"பேக்கப் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்குடே, சர்வர் பக்கத்திலேயே."

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தபோது சர்வரும் பேக்கப்பும் ஜோடியாக முங்கின. கடன்காரர்கள் தங்கமானவர்கள். "பாக்கி எவ்வளவு அண்ணாச்சி?" என்று அவரையே கேட்டார்கள்!

இப்போது மேஜையில் மூன்று கொட்டேஷன். "நீ பி.காம்.லா? எது விலை கம்மின்னு பாருடே."

விலையை விட்டுவிட்டு நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். முழு மெஷினும் மீளுமா, அதிலிருந்து ஒரே ஒரு ஃபைலும் மீளுமா? விஎம்வேர் நகல் ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸிலும் ஓடுமா? (2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியபின் பலர் வீடு மாற்றும் யோசனையில்!) ரான்சம்வேர் புகுந்தாலும் அழிக்கமுடியாத நகல் உண்டா? வேறு ஊரில் ஒரு நகல் இருக்குமா? 2025 செப்டம்பரில் தென் கொரிய அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, வெளியே நகல் இல்லாமல் 858 டெராபைட் போனது.

மூன்று பேருமே "முடியும் சார்" என்றார்கள்.

"அப்போ மாதிரிக்கு ஒரு மெஷினை அழிச்சு, மீட்டுக் காட்டுங்க."

இரண்டு பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது. மூன்றாமவர் உட்கார்ந்து மீட்டுக் காட்டினார். அவரிடமே வாங்கினோம்.

கிளம்பும்போது கேட்டேன்: "பேக்கப்பைத் திறக்கிற பாஸ்வேர்டை எங்க வச்சிருக்கிய அண்ணாச்சி?"

"பத்திரமாத்தான்டே. சர்வருக்குள்ள ஒரு ஃபைல்ல!"