ஃபிலிம் போச்சு, சரி. படம் எங்கங்க?

"டிஜிட்டல்ல செலவே இல்ல டாக்டர், ஃபிலிம்தான் தண்டம்"னு என் பதிவுக்குக் கீழ ஒருத்தர். ராஜகீழ்ப்பாக்கத்துல குடியிருக்கேன், அரசு மருத்துவமனை டாக்டர், தினமும் எக்ஸ்ரே பாக்கிறவன். செலவு இல்லங்கிறது பொய். அது நோயாளி தலைக்கு மாறியிருக்கு. சின்ன இழை 👇

ஃபிலிமுக்கு ஒப்பாரி வைக்க வரல. இருட்டறை, டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவிக் காயப்போடணும். எக்ஸ்போஷர் தப்பினா படம் கறுத்துடும், இல்ல வெளிறிடும். மறுபடி எடுக்கணும், மறுபடி கதிர்வீச்சு. மேல பூசறது வெள்ளி உப்பு, விலை எப்படிக் குறையும்? 1960ல ஊட்டியில ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து'ங்கிற பேர்ல எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டுச்சு. அந்தக் காலம் முடிஞ்சுது.

டிஜிட்டல்ல பெரிசு பண்ணலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனா அதெல்லாம் டைகாம்னு சொல்ற ஒரிஜினல் ஃபைல்லதான்.

நோயாளி கைக்கு என்ன வருது? கை வீங்கிப்போய் வந்த அம்மா போனை நீட்டுறாங்க. வெளியில எடுத்த எக்ஸ்ரே. மானிட்டரை போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க. அதுல ட்யூப்லைட் தெரியுது, எடுத்தவரோட சட்டை கூட தெரியுது. எலும்புல மயிரிழை விரிசல் இருக்கா இல்லையான்னுதான் தெரியல! "ஃபிலிம் வேணும்னா தனியா காசாம் சார்." திரும்ப எடுக்கச் சொன்னேன். அரை நாள் கூலி போச்சு. இது யார் கணக்குல வரும்?

இன்னொருத்தர், பழைய காசநோய்க்காரர், எழுபது வயசு. 2004ல எடுத்த நெஞ்சுப் படத்தை காக்கி கவரோட பீரோவுக்குப் பின்னாலேர்ந்து உருவிட்டு வந்தார். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். இப்ப தெரியற தழும்பு அப்பவே அதே இடத்துல, அதே அளவுல. சளி டெஸ்டும் நெகட்டிவ். சி.டி.க்கு அனுப்பாம வீட்டுக்கு அனுப்பினேன். 2021ல எடுத்தது எங்க தாத்தான்னு கேட்டா, மகனோட பழைய போன்ல இருந்துச்சாம். போன் தண்ணில விழுந்துடுச்சு.

"சர்வர்ல இருக்குமே"ன்னு வராதீங்க. அந்த ஆஸ்பத்திரி சர்வர் இந்த ஆஸ்பத்திரியில திறக்காது.

ஒரிஜினல் ஃபைலை சி.டி.யிலயோ பென்டிரைவ்லயோ லிங்க்காவோ இலவசமா குடுங்க. தனியாருக்கு மட்டும் இல்ல, எங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன். மேலதிகாரி யாராவது படிச்சா படிக்கட்டும்.

மக்களே, கவுன்ட்டர்ல "டைகாம் ஃபைல் குடுங்க"ன்னு இதே வார்த்தையில கேளுங்க. இல்லன்னா ஃபிலிம்ல ப்ரிண்ட் வாங்குங்க. வாங்கினதை மடிக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க. இப்ப வர்ற ப்ரிண்ட் பலதும் சூடு பட்டா கறுத்துடும்.