பழகிய செவியும் புதிய இசையும்

கலைஞன் ஒருவன் மூப்பெய்திய பின்னரும் புதுமையை நாடுவானாயின், அவனுக்கு முதற்கண் தடையாக நிற்போர் பகைவரல்லர். அவனை நெடுநாள் நேசித்த ரசிகரே ஆவர். பகைவர் அவன் ஆக்கத்தைச் செவிமடுப்பதே இல்லை. ரசிகரோ, நேற்றுத் தாம் சுவைத்ததையே இன்றும் தருமாறு அன்போடு வற்புறுத்துவர். இவ்வன்பு நலந்தருவதா, தீங்கு பயப்பதா என்பதை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சிக்கு இடந்தந்தவை, இசையமைப்பாளர் இளையராஜா இயற்றிய சிம்பொனி 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் அரங்கேறிய செய்தியும், அது பற்றி நம் ஊர்களில் எழுந்த பேச்சுமாம்.

நெய்வேலிச் சுரங்கங்களுக்கு அண்மையிலுள்ள கம்மாபுரத்தில் இளையராஜாவின் பாட்டுக் கேளாத தெருவொன்றைக் காண்டல் அரிது. விருத்தாசலத்திற்குச் செல்லும் பேருந்திலும், தேநீர்க் கடையிலும், மணவீட்டுப் பந்தலிலும் அவர் இசையே ஒலிக்கும். இரவு ஷிப்டு முடித்து விடியலில் வீடு திரும்பும் தொழிலாளியின் களைப்பைத் தீர்ப்பதும் அதுவே. 1976ஆம் ஆண்டு ‘அன்னக்கிளி’ என்னும் படத்தின் வாயிலாகத் திரையுலகிற் புகுந்த அவர், ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்துள்ளார். நம் பெற்றோரின் இளமையும் நம் குழந்தைப் பருவமும் அப்பாட்டுக்களோடு பின்னிக் கிடக்கின்றன. எனவே, இலண்டனில் நிகழ்ந்ததாயினும் அந்நிகழ்ச்சி நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிய செய்தி போலவே நம்மை வந்தடைந்தது.

வந்தடைந்தபின் யாது நிகழ்ந்தது? ரசிகர் இரு திறத்தினராய்ப் பிரிந்தனர். ஒரு திறத்தார், “இந்த வயதில் இவருக்கு இது எதற்கு? பழைய பாட்டைப் போல் ஒன்று தந்தால் போதாதா? இதில் பாடவும் ஒருவரில்லை, முணுமுணுக்கவும் ஓர் அடியில்லை” என்று வருந்தினர். மற்றைத் திறத்தார், “தமிழன் இலண்டனை வென்றான், இனி இதற்கு மேல் இசையே இல்லை” என்று ஆர்ப்பரித்தனர். இவ்விரு கூற்றும் வடக்கும் தெற்கும் போலத் தோன்றினும், இரண்டிற்கும் வேர் ஒன்றே. இரு திறத்தாருள்ளும் மிகப் பலர் அவ்விசையை முழுதுங் கேட்டிலர். இலண்டனினின்று திரும்பிய இளையராஜா, அதனைப் பதிவிறக்கித் துணுக்குத் துணுக்காகக் கேளாமல் நேரிற் கேட்டு நுகருமாறு வேண்டிக்கொண்டதை நாம் அறிவோம். அரங்கினுள் இருந்தோர் சில ஆயிரவரே. ஆயினும், தீர்ப்புக் கூறினோரின் தொகைக்குக் குறைவில்லை.

முதல் திறத்தாரின் வருத்தத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. அதன் காரணம் இயல்பானதே. திரைப்பாட்டு நான்கைந்து நிமிடங்களில் முடிவது. அதற்குப் பல்லவி உண்டு, சரணம் உண்டு, சரணத்தின் முடிவில் பல்லவி மீண்டும் வந்து நம்மைக் கைப்பிடித்து வீட்டிற்கு அழைத்துச் செல்லும். சிம்பொனியின் அமைப்போ வேறு. அது பொதுவாக நான்கு பகுதிகளாய் விரிவது. அதிற் சிறியதோர் இசைக்கருத்து தோன்றும், பின் மறையும், வேறொரு கருவியில் வேறொரு கோலங்கொண்டு மீண்டும் எழும், மற்றொன்றோடு மோதும், இறுதியில் முதலில் இருந்த நிலையினின்று மாறி நிற்கும். அதனைத் தொடர வேண்டுமாயின் கேட்பவனுக்கு நினைவு வேண்டும். பல்லவியை எதிர்நோக்கிக் காத்திருப்பவன், வெண்பாவை எதிர்பார்த்துக் காப்பியத்தைத் திறந்தவனை ஒப்பான். காப்பியம் பிழையுடையதன்று, அவன் கொண்டு சென்ற அளவுகோலே பிழையுடையது.

அஃதன்றியும், ‘எங்கள் பழைய ராஜா எங்கே?’ என வினவுவோர் அப்பழைய ராஜாவையும் செவ்வனே கேட்டிலர் என்பது நம் கருத்து. அவர் பாட்டுக்களில் பல்லவிக்கும் சரணத்திற்கும் நடுவே வரும் இடையிசையை உற்று நோக்குக. ஒரே வேளையில் இரண்டு மூன்று இன்னிசைகள் தனித்தனி வழியே நடந்தும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் மேனாட்டு முறையை, அவ்விடையிசைகளில் அவர் பல்லாண்டு கையாண்டார். 1985ஆம் ஆண்டின் ‘சிந்து பைரவி’ படத்தில், கலியாணி இராகத்தில் ஆரோகணம் மட்டுமே கொண்டு, அவரோகணம் சிறிதும் இன்றி ஒரு பாட்டை அமைத்தார். ஏறிய சுரம் முறையாக இறங்காத அப்பாட்டினை நம் தாய்மார் அடுக்களையில் இனிதே பாடினர். அடுத்த ஆண்டில், அதாவது 1986இல், பாடுவோர் எவருமின்றிக் கருவியிசையாலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டார். ‘இதற்கு என்ன பெயரிடுவது?’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பே அதற்கு அவர் இட்ட பெயர். திருவையாற்றுத் தியாகராசருக்கும் ஜெர்மானியராகிய பாஹ் என்பாருக்கும் அதனைக் காணிக்கையாக்கினார். ஆகவே, புதுமை அவரிடம் நேற்று வந்து ஒட்டிய நோயன்று. நாம் நாடோறும் உண்ட உணவில் அது உப்பைப்போற் கரைந்திருந்தது. இப்போது அவர் அதனைத் தனியே எடுத்து வைத்தவுடன் நம் நா அதனை அறியாது திகைக்கின்றது.

2005ஆம் ஆண்டு வெளிவந்த திருவாசக இசைத் தொகுப்பின் வரலாறும் ஈண்டு நினையத்தக்கது. மாணிக்கவாசகர் அருளிய பாடல்களை, அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகர இசைக்குழுவினரோடு இணைத்து அவர் அமைத்தார். ஆங்கில அடிகளை அமெரிக்கராகிய ஸ்டீபன் ஷுவார்ட்ஸ் இயற்றினார். கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பர் அவர்களின் தமிழ் மையம் அதனை வெளிக்கொணர முன்னின்றது. தில்லையோ கம்மாபுரத்திற்கு அண்மையது. ஓதுவார் கண்டத்திற் கேட்டு அப்பாடல்களை நெஞ்சிற் பதித்தோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு அத்தொகுப்பு ஓர் அதிர்ச்சியாக இருந்ததெனின் வியப்பில்லை. தனிக் குரலில் ஒருவன் இறைவனை நோக்கி உருகும் இடத்தில் நூற்றுக்கணக்கான நரம்புகளும் குரல்களும் வந்து சூழ்ந்தால், அவ்வுருக்கம் மிகுமா, மறையுமா? இவ்வினா நேரியது. இதற்கு ‘மறையும்’ என விடையிறுப்போரையும் நாம் மதிக்கின்றோம்; ஆனால் முழுதுங் கேட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு, இன்ன இடத்தில் இன்ன காரணத்தால் மறைந்தது என்று அவர் காட்டுதல் வேண்டும். ‘இது நம் வழக்கமன்று’ என்னும் ஒரு சொல் விடையாகாது.

வழக்கம் என்பது யாது? இன்று கருநாடக இசையரங்கிற்கு இன்றியமையாததாகிய பிடில், மேனாட்டினின்று வந்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதனைப் பயின்று நம் இசைக்கு உரியதாக்கினார். அந்நாளில் அதனைக் கேட்டு முகஞ்சுளித்தோரும் இருந்திருத்தல் கூடும். இன்று பிடிலில்லாத கச்சேரியைக் கண்டே நாம் முகஞ்சுளிப்போம். இலக்கணம் பயிலும் நமக்கு இது புதிய பாடமன்று. காலப்போக்கில் மொழியிற் சில நீங்குதற்கும் சில சேர்தற்கும் பவணந்தியார் நன்னூலிலேயே இடந்தந்துள்ளார். தில்லையை அடுத்து வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், ஒரு நூலின் தகுதியை அதன் வயதைக்கொண்டு அளத்தல் தகாதெனத் தம் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில் உணர்த்தினார். அவர் 14ஆம் நூற்றாண்டினர். திருமுதுகுன்றமாகிய பழமலையின் அருகே வாழும் நமக்குப் பழமையில் பற்று இருத்தல் இயல்பே. எனினும் அப்பழமையே புதுமைக்கு வழிவிடுமாறு நமக்குக் கற்பித்தது.

இந்நிலை தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பாடகராகிய பாப் டிலன், மரக் கிதாரையும் தம் குரலையும் கொண்டு நாட்டுப்பாடல் மரபிற் புகழெய்தியவர். 1965ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நியூபோர்ட்டு விழாவில் அவர் மின்கிதாரை ஏந்தியபோது அவையிற் கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர அரங்கில் ரசிகர் ஒருவர் அவரை ‘யூதாசு’ என்று உரக்க அழைத்தார். விவிலியம் பயின்ற நமக்கு அச்சொல்லின் கொடுமை விளங்கும். யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன். டிலன் யாரை விற்றார்? அன்றிரவு முதற் பாதியில் பழைய முறையிலேயே பாடியும் இருந்தார். மாற்றிய கருவியொன்றைத் தவிர அவர்மீது வேறு குற்றமில்லை. அவரே 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். பரிசு பெற்றமையால் அன்றைய இசை நன்றாயிற்று என்று நாம் கூறவில்லை. ரசிகரின் அன்பு எத்துணை விரைவில் உடைமையுணர்ச்சியாக மாறுகின்றது என்பதற்கே இதனைக் காட்டினோம்.

இனி, ஆர்ப்பரித்த இரண்டாம் திறத்தாரை நோக்குவோம். இவர்களே நமக்கு மிக்க கவலை தருகின்றனர். வருந்துவோர் ஏதோ ஒன்றை இழந்ததாகவேனும் உணர்கின்றனர். இவர்களோ ஒன்றும் கேளாமலே நிறைவடைந்து விடுகின்றனர். இவர்கள் புகழ்ச்சியைப் பகுத்து நோக்கின், அதில் இசையைப் பற்றிய சொல் ஒன்றும் இராது. இலண்டன் என்னும் ஊர்ப்பெயரும், இராயல் பில்ஹார்மோனிக் என்னும் குழுப்பெயருமே எஞ்சும். அந்த இசை நன்றாயின், அதனைச் சென்னையில் நம்மவர் வாசிப்பினும் நன்றே. நன்றன்றாயின், அரசவையே வாசிப்பினும் நன்றாகாது. இலண்டன் ஒப்பியதாற் பெருமை எனக் கூறுவோர், நம் கலையை மதிப்பிடும் உரிமையை இன்றும் இலண்டனிடமே விட்டுவைக்கின்றனர். விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த நாட்டிற்கு இது பெருமையாமோ? மேலும், பெயர் கேட்டவுடன் பொழியும் புகழ், கலைஞனுக்கு எவ்வகையிலும் பயன்படாது. எண்பதாண்டு முதிர்ந்தவர் ஒருவர் இரவு பகலாய் முயன்று ஒன்றை ஆக்கித் தருங்கால், அவர் நம்மிடம் வேண்டுவது மாலையன்று, செவி.

‘எட்டு மணி நேரம் சுரங்கத்தில் உழைத்து வருபவன், ஆறுதல் தேடிப் பாட்டைக் கேட்கின்றான், அவனைத் தேர்வெழுதச் சொல்லலாமா?’ என்று வினவுவாரும் உளர். இவ்வினாவில் அறம் உண்டு. புரியாத இசையைப் புரிந்ததாக நடிக்குமாறு எவரையும் வற்புறுத்துதல் கூடாது. பழைய பாட்டுக்களை எவரும் நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளவுமில்லை; அவை நாளையும் பேருந்தில் ஒலிக்கும். ஆனால், தொழிலாளிக்கு எளியதே போதும் எனத் தீர்மானிப்பதும் ஒருவகை இகழ்ச்சியே. நெய்வேலியின் வரலாறே இதற்குச் சான்று. 1930களில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. நீர் தேடினார்க்கு அது பயனற்றதாய்த் தோன்றியிருக்கும். அதன் தன்மையை ஆராய்ந்தபின்னரே அது பழுப்பு நிலக்கரி எனத் தெளிந்தனர். 1956இல் நிறுவனம் அமைந்த பின்னும், மேல்மண்ணை அகற்றிக் கரியின் முகங்காண 1961 வரை காத்திருக்க நேர்ந்தது. இப்பொறுமையை நாடோறும் தொழிலாகக் கொண்டோர் நம் ஊரார். அவர்களுக்கு ஒரு மணி நேர இசையைப் பொறுமையோடு கேட்கும் ஆற்றல் இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மூப்பில் முயலுதல் பற்றி மற்றொரு சான்றுங் கூறுவோம். டாக்டர் ஜி. யு. போப்பையர் திருக்குறளை 1886இலும் நாலடியாரை 1893இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டுப் புகழ்பெற்றார். அவ்வளவில் ஓய்ந்திருந்தால் அவரை எவரும் குறைகூறியிரார். அவரோ எண்பது அகவை நிறைந்த 1900ஆம் ஆண்டில் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அறநூலின் ஆசிரியராக அவரை அறிந்திருந்தோர், ‘இம்முதுமையிற் பக்திப் பாடல் எதற்கு?’ என்று அவரைத் தடுத்திருந்தால் நமக்கு நேர்ந்திருக்கும் இழப்பை எண்ணிப் பார்க்க. அத்திருவாசகத்தையே இளையராஜாவும் தம் அறுபதுகளில் எடுத்தாண்டார். சிம்பொனியை அரங்கேற்றியபோது அவர் அகவை எண்பத்தொன்று.

இவற்றையெல்லாம் நம் கல்லூரி மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்முள்ளும் பாட்டெழுதுவோர், நாடகம் எழுதுவோர், இசைப்போர் பலர் உளர். தமிழ் மன்றத்தில் ஒருவன் யாப்பை விட்டுப் புதியதொரு வடிவில் எழுதி வாசிப்பானாயின், முதற் பத்தி முடியுமுன் பின்வரிசையில் நகையொலி எழுகின்றது. அவன் நம் நண்பனாயின், முதற் பத்தி முடியுமுன் கைதட்டல் எழுகின்றது. இரண்டும் அவனைப் பேசவிடாமற் செய்கின்றன. ஐம்பதாண்டுப் புகழுடைய கலைஞர் இவ்விரைவைத் தாங்குவார். பத்தொன்பது வயது மாணவன் தாங்குவானா?

ஆதலின், வரும் ஆண்டில் தமிழ் மன்றமும் இசைக்குழுவும் கூடி ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். முதலில் ஓதுவார் ஒருவரை அழைத்துத் திருவாசகப் பாடல்கள் சிலவற்றை மரபு வழியே கேட்போம். பின்னர் அதே பாடல்களை 2005ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடையறாது கேட்போம். முடியுமளவும் எவரும் பேசுதல் வேண்டா, கைதட்டலும் வேண்டா. அதன்பின் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் கருத்தைக் காரணத்தோடு கூறுவாராக. பிடிக்கவில்லை என்பாருக்கும் அவ்வவையில் இடமுண்டு. அவர் கேட்டபின் கூறுகின்றார் என்னும் ஒன்றே நமக்குப் போதும்.