இதயத்தின் அடுப்பு அணையாதிருக்க



வீட்டில் ஒருவருக்கு "இதயம் பலவீனம்" என்று டொக்டர் சொல்லிவிட்டால் முதலில் வருவது அழுகைதான். இதயம் நின்றுவிடப் போகிறது என்று எண்ணுகிறோம். அப்படியல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்துக் கொடுக்க அதனால் முடியவில்லை என்பதே பொருள். கால் வீங்கும். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். தலையணையை உயர்த்தி வைத்தால்தான் உறக்கம் வரும்.

ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 இலட்சம் தடவை துடிக்கும் இதயத்துக்கு ஓய்வே இல்லை. அதனால் அதன் கலங்களுக்குள் நுண்ணிய அடுப்புகள் நிறைந்துள்ளன. இழைமணி என்று நம் பிள்ளைகள் பாடசாலையில் படிப்பது இதைத்தான். மைட்டோகொண்ட்ரியா என்றும் சொல்வர். இதயத் தசைக் கலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவையே. கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்துச் சக்தி தருவது இவற்றின் வேலை. இந்த அடுப்பு மங்கினால் தசை தளர்ந்துவிடும்.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பெரிபெரி என்ற நோயில் கால் வீங்கி, இதயம் தளர்ந்து மரணம் நேரும். இப்பெயரே சிங்களத்திலிருந்து போனது என்பர். மலாயாவில் தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மாண்டார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. பிரட்டன் என்ற மருத்துவர் 1907இல் இதை நூலாக எழுதினார். 1905, 1906இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெச்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முன்னவர்களில் பலர் இறந்தனர்; பின்னவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. காரணம் தவிட்டிலுள்ள விற்றமின் பி1. அது இல்லாமல் இழைமணியால் சர்க்கரையை ஒழுங்காக எரிக்க முடியாது. நெல்லை அவிக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

இன்று இழைமணியைக் காக்கவே மருந்து தேடுகிறார்கள். எலாமிபிரெடைட் என்ற ஊசிமருந்தை, பார்த் நோய் என்ற அரிய பரம்பரை நோய்க்கு 2025 செப்டெம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. சாதாரண இதயப் பலவீனத்தில் அதன் பலன் இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் நீரிழிவுக்கு வந்த டபாகிளிஃப்ளோசின் மாத்திரை, நீரிழிவு இல்லாத இதய நோயாளிக்கும் உதவுகிறது என்று 2019இல் 4,744 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. இழைமணிக்கு அது துணைசெய்வதும் ஒரு காரணமாகலாம் என்கிறார்கள்.

நம் கையில் இருப்பது என்ன? தாழ்வுபாடு போன்ற மன்னார்க் கரையூர்களில் கருவாடு இல்லாத சாப்பாடு குறைவு. ஆனால் அதன் உப்பு உடம்பில் நீரைத் தேக்கி, தளர்ந்த இதயத்தை மேலும் வருத்தும். நோயாளிக்குப் பச்சை மீனையே உப்புக் குறைத்து, புளியும் மிளகும் கூட்டி ஆக்கிக் கொடுங்கள். சோற்றுக்குப் புழுங்கலரிசியும், கூடவே பயறும் நல்லது. சலம் போவதற்கான மாத்திரை, சலத்தோடு பி1 சத்தையும் கொஞ்சம் கொண்டுபோகும். அச்சத்து மாத்திரை தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். நோன்பு வருமுன் மருந்து வேளைகளையும், நோன்பு பிடிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுத் தீர்மானியுங்கள்.

வீக்கம் வற்றியதும் "சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. இரண்டு மூன்று நாளில் நிறை திடீரென ஏறினால், அது சதையல்ல, நீர். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.