பழவேற்காட்டுக்குத் திறந்த முகத்துவாரம் வேண்டும்

‘பழவேற்காடு ஏரி’ என்று வரைபடத்தில் பார்ப்பவர்கள் அதையும் செம்பரம்பாக்கம், வீராணம் வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். ஏரிக்குக் கரை உறுதியாக இருந்தால் போதும். பழவேற்காடு வேறு வகை. கடலோர மணல்திட்டுக்கு உட்புறம் ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து கிடக்கும் பரப்பு அது. காயல் என்பார்கள், இலங்கைத் தமிழர் களப்பு என்பார்கள். கடல் வந்துபோக வழியில்லாவிட்டால் அதன் உயிரோட்டம் நின்றுவிடும்.

அந்த வழிதான் முகத்துவாரம். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் அதன் வழியே உள்ளே நுழைந்து, ஆழமில்லாத உவர்நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் சேற்று நண்டும் முட்டையிடக் கடலுக்குப் போகவேண்டும்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் பெருக்கெடுத்தால் முகத்துவாரம் அகலும். கோடையில் ஆறுகள் வற்ற, அலை கொண்டுவரும் மணல் அதை அடைக்கும். வெயிலில் நீர் சுண்டி உப்பு ஏறும். படகுகள் கடலுக்குப் போக முடியாது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் அலைதடுப்புச் சுவர்கள் கரையோர மணலின் போக்கையே மாற்றக்கூடியவை. ஆகவே, மழை வந்தால் தானே திறந்துகொள்ளும் என்று காத்திருப்பது சரியல்ல.

காத்திருப்பின் சுமை யார் தலையில்? மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்துவரும் மீனவர்கள் மீது. இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் சேர்க்கும் இருளர்கள் மீது.

தீர்வுக்கு நாட்டுக்குள்ளேயே முன்னுதாரணம் உண்டு. ஒடிசாவின் சிலிகாவும் மணலால் அடைபட்டு, உப்புத்தன்மை குறைந்து, களைகள் மண்டி நொடித்துப் போனது. அழிவை எதிர்நோக்கும் ராம்சார் உடன்படிக்கை ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் 1993-இல் இடம்பெற்றது. காயலை மீட்பதற்கெனவே 1991-இல் உருவான சிலிகா மேம்பாட்டு ஆணையம், 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டியது. சில ஆண்டுகளுக்குள் மீன்பாடு பல மடங்கு உயர்ந்தது. 2002-இல் அந்தப் பதிவேட்டிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது.

சிலிகா ஒரே மாநிலத்தில் இருக்கிறது. பழவேற்காட்டை மாநில எல்லை பிரிக்கிறது. அதனால்தான் இங்கே கூட்டு ஆணையம் இன்னும் அவசியம். தமிழகமும் ஆந்திரமும் சேர்ந்து அதை அமைக்கவேண்டும். பாடு முறை மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அதில் வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். மணல் அளவும் உப்பின் அளவும் மாதந்தோறும் வெளியிடப்படவேண்டும். தூர்வாரும் பணி, முகத்துவாரம் அடைபட்ட பிறகல்ல, கோடை தொடங்கும் முன்பே நடக்கவேண்டும். சுற்றுவட்டாரத்தில் எந்தத் துறைமுகத் திட்டம் வந்தாலும், முகத்துவாரத்துக்கு அதனால் என்ன நேரும் என்பதை இந்த ஆணையம் ஆராய்ந்து சொன்ன பிறகே அனுமதி தரவேண்டும்.