வாய்தாவில் கரையக் கூடாத கொள்கை

சேரியிலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: "நம்ம சனத்துக்கு ஒரு வக்கீல் வேணும்." ஆனால் கறுப்பு அங்கி மாட்டிய இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவர்களில் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். ஏன்?

ஒரு வன்கொடுமை வழக்கு நடக்கும் விதத்தைப் பாருங்கள். புகார் கொடுத்தால் எதிர்ப்புகார் வரும். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து கூடுமானவரை 2 மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நடப்பதோ வாய்தாவுக்கு மேல் வாய்தா. எதிர்த்தரப்பின் வயலில் கூலிக்குப் போகும் சாட்சி அதற்குள் பிறழ்சாட்சியாகிவிடுகிறார். சீனியர் தரும் சொற்பப் பணத்தில் அறை வாடகை கட்டும் இளம் வழக்கறிஞர், 'சமரசமாகப் போய்விடலாம்' என்று தானே சொல்லத் தொடங்குகிறார். கொள்கை கரைவது இந்த இடத்தில்தான்.

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் அந்த இளைஞர் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முக்கியச் சாட்சியே பிறழ்ந்தார். தாயார் விடவில்லை. அவர் போராடியதால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது, ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். மனிதர்கள் பிறழ்ந்தாலும் கோவில் கண்காணிப்பு கேமரா பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த 10 பேரும் குற்றவாளிகளே என்று 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்கு 8 ஆண்டுகள் ஆயின.

அந்த 8 ஆண்டுகளைக் கோபம் மட்டும் தாங்கியிருக்காது. ஆவணத்தை வரிவரியாகப் படித்த உழைப்பே தாங்கியது. இளம் வழக்கறிஞர்கள் பற்றிக்கொள்ள வேண்டியது 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவை. ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், விசாரணைக் காலத்தில் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் தர வேண்டும் என்கிறது அது. இவற்றை மனுவாக எழுதிக் கேட்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். அதற்குப் பெரிய பேச்சாற்றல் தேவையில்லை.

ஊருக்கும் கடமை உண்டு. சாட்சி சொல்லப் போகிறவரைத் தனியாகப் பேருந்து ஏற்றிவிடாதீர்கள். நாலு பேர் கூடப் போங்கள். நம் வீட்டுப் பிள்ளை அந்த நீதிமன்றத்தில் தனியாக நின்றால், எவ்வளவு பெரிய கொள்கையும் நெடுநாள் நிற்காது.