மறைக்கத் தகுவன, மறைக்கத் தகாதன

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்ட திறன்பேசிகளில் 'உருவாக்குநர் விருப்பங்கள்' என்னும் பக்கம் ஒன்று உண்டு. செயலிகளை எழுதிச் சோதிப்போருக்குரிய பக்கம் அது. 2012ஆம் ஆண்டு வெளிவந்த 4.2ஆம் பதிப்புமுதல் அப்பக்கம் எளிதில் கண்ணில் படுவதில்லை. கருவியைப் பற்றிய விவரங்கள் அடங்கிய பகுதிக்குச் சென்று, அங்குள்ள பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால்தான் அது தோன்றும். தட்டத் தட்ட, இன்னும் எத்தனை தட்டு மீதமுள்ளது என்று திரை எண்ணிச் சொல்லும். முடிவில், நீங்களும் உருவாக்குநர் ஆகிவிட்டீர்கள் என்று அறிவிக்கும். வேண்டியவருக்குக் கதவு திறக்கும். தற்செயலாகக் கைபட்டுத் திறந்துவிடாது.

இவ்வாறு மறைத்து வைப்பது முறைதானா என்னும் வழக்கு மென்பொருள் உலகில் நெடுநாளாக நடந்துவருகிறது. விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து கருவியின் ஒரு பகுதியை ஒளித்து வைப்பது அவரைச் சிறுபிள்ளையாக நடத்துவதாகும் என்பர் ஒருசாரார். நூறு பொத்தான்களை ஒரே திரையில் பரப்பிவைத்தால், தேவையான ஒன்றைக்கூட ஒருவரால் கண்டுபிடிக்க இயலாது என்பர் மற்றொருசாரார். மறைக்கலாமா, கூடாதா என்ற அளவிலேயே இவ்வழக்கு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மறைக்கப்படும் பொருள் எது, அதனால் நன்மை பெறுபவர் யார் என்னும் வினாக்கள் எழுவது குறைவு.

மறைப்பதால் பயன் உண்டு என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் கரோல், தம் துணையாய்வாளருடன் சேர்ந்து 1984ஆம் ஆண்டு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். சொற்செயலியைப் புதிதாகக் கற்போருக்கு அதன் கடினமான கட்டளைகளைச் செயல்படாதவாறு தடுத்துக் கொடுத்தனர். மிதிவண்டி பழகும் குழந்தைக்குப் பின்சக்கரத்தின் இருபுறமும் சிறு சக்கரங்களைப் பொருத்துவது போன்ற ஏற்பாடு. அவ்வாறு கற்றவர்கள் முழுக் கருவியோடு மல்லுக்கட்டியவர்களைவிட விரைவாக வேலையைத் தொடங்கினர். பிழைகளில் சிக்கி மீள்வதில் அவர்கள் செலவிட்ட நேரமும் குறைவு. தொடக்கநிலையில் மறைப்பு ஒரு துணை என்பதில் ஐயமில்லை. ஆனால், அச்சிறு சக்கரங்களை ஒருநாள் கழற்றியாக வேண்டும் என்பதையும் அவ்வுவமையே சொல்லிவிடுகிறது.

வீட்டு மின்னிணைப்பை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். புதிய வீடுகளில் மின்கம்பிகள் சுவருக்குள் பதிக்கப்படுகின்றன. எந்தக் கம்பி எவ்வழியே செல்கிறது என்பதைக் குடியிருப்போர் அறிய வேண்டியதில்லை. விளக்குகளின் பொத்தான்களோ கைக்கெட்டும் உயரத்தில் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே 'மெயின் சுவிட்ச்' ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் அதை யாரும் தொடுவதில்லை. தொடுவதில்லை என்பதற்காக அதையும் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார் உண்டோ? பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை, ஆகவே மறைத்தோம் என்று மென்பொருள் நிறுவனங்கள் கூறும் காரணம் இவ்விடத்தில் வலுவிழந்து போகிறது. அரிதாகப் பயன்படுவது வேறு, தேவையற்றது வேறு.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவை உலகம் 2000ஆம் ஆண்டு மே மாதம் கண்டது. கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் சில எழுத்துகள் அக்கோப்பின் வகையைக் காட்டுவன. 'டிஎக்ஸ்டி' என்றிருந்தால் வெறும் எழுத்துரை. 'விபிஎஸ்' என்றிருந்தால் கணினிக்குக் கட்டளையிடும் நிரல். இது பொதுமக்களுக்குக் குழப்பம் தரும் நுட்பச் செய்தி எனக் கருதி, 1995ஆம் ஆண்டின் விண்டோஸ் இயங்குதளம் தனக்குத் தெரிந்த கோப்புவகைகளின் ஈற்றெழுத்துகளைத் தானாகவே மறைத்தது. 'ஐ லவ் யூ' என்னும் தலைப்புடன் பிலிப்பைன்சிலிருந்து கிளம்பிய மின்னஞ்சல் இம்மறைப்பையே வாயிலாக்கிக் கொண்டது. அதனோடு இணைந்திருந்த காதல் கடிதத்தின் பெயரில் 'டிஎக்ஸ்டி' என்பதன் பின்னே 'விபிஎஸ்' என்பதும் இருந்தது. பின்னதை விண்டோஸ் மறைத்துவிட, பலருடைய கண்ணுக்குத் தெரிந்தது தீங்கற்ற எழுத்துரைக் கோப்பு மட்டுமே. திறந்தவுடன் அந்நச்சுநிரல் படக்கோப்புகளை அழித்தது. முகவரி ஏட்டில் இருந்த அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. பிரிட்டன் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சல் சேவையைச் சில மணிநேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆர்வத்தோடு அக்கடிதத்தைத் திறந்தவர்களை அறியாதவர்கள் என்று இகழ்வோர் உண்டு. அறிவதற்கிருந்த ஒரே அடையாளத்தை அவர்கள் பார்வையிலிருந்து அகற்றியது யார்? இத்தனைக்குப் பின்னும், இன்றைய விண்டோசிலும் அவ்வெழுத்துகள் மறைந்தே வருகின்றன என்பது வியப்புக்குரியது.

இங்கே நோக்கமாவது நல்லது. நோக்கமே ஐயத்துக்குரியதாகும் இடங்களும் உள்ளன.

விளம்பர நிறுவனங்கள் ஒருவரின் திறன்பேசிப் பயன்பாட்டைப் பின்தொடர்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பை ஆப்பிள் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே ஐபோனில் வைத்தது. ஆனால், தனியுரிமைக்கென்று அமைந்த பகுதியில் அது இல்லை. பொது அமைப்புகளுக்குள், கருவியைப் பற்றிய பக்கத்துக்குள், விளம்பரம் என்னும் உட்பிரிவில் கிடந்தது. அங்கே சென்று தேடுவார் யார்? 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனமே முறையை மாற்றியது. பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் பயனரை நேரே கேட்டு இசைவு பெற வேண்டும் என்றாயிற்று. பலரும் மறுத்தனர். இம்மாற்றத்தால் அவ்வாண்டில் தமக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி டாலர் வருவாய் குறையும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2022இன் தொடக்கத்தில் கூறியது. பொத்தான் ஆழத்தில் கிடந்தவரை, மக்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று எளிதாகச் சொல்லிவிட முடிந்தது. கேள்வி முன்னே வந்ததும் அவர்கள் தம் விருப்பத்தைத் தெரிவித்தனர். ஆப்பிளுக்கும் விளம்பர வருவாய் உண்டு என்பதால், இதனை முழுதும் அறச்செயலாகக் கொள்ள வேண்டியதில்லை.

கூகுள் நிறுவனத்தின் கதையும் இதனை ஒட்டியதே. இருப்பிட வரலாற்றைப் பதியும் பொத்தானை அணைத்த பின்னும், வேறு பெயருடைய மற்றோர் அமைப்பின் வழியாக இருப்பிடம் சேமிக்கப்படுகிறது என்பதை 2018ஆம் ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படுத்தியது. அதனையொட்டி நடந்த விசாரணையின் முடிவில், அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் செலுத்த 2022ஆம் ஆண்டு அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

'சாதாரணப் பயனர்' என்னும் சொல்லாட்சியையும் ஆராய வேண்டும். அப்படி ஒருவர் எங்கும் இல்லை. எழுத்தின் அளவைப் பெரிதாக்குவது இளையோருக்கு அரிய அமைப்பு. பார்வை மங்கிய முதியவருக்கோ அதுவே முதற்தேவை. திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் வசதி பலருக்கு இருப்பதே தெரியாது. பார்வையற்றவருக்கு அது இல்லையேல் திறன்பேசியே இல்லை. ஆங்கிலம் அறியாத ஒருவர் மொழியைத் தமிழுக்கு மாற்ற முனையும்போது, அங்குச் செல்லும் வழி முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பதையும் நினைத்துப் பார்க்கலாம். 'மேம்பட்டவை' என்று பெயரிட்டு ஒரு மூலையில் குவித்து வைத்தவற்றுள், யாரோ ஒருவருடைய அன்றாடத் தேவை கிடக்கிறது. எனவே, மறைத்து வைப்போர் அமைப்புகளுக்குள் தேடும் வசதியையேனும் தர வேண்டும். அத்தேடல், பயனர் வழங்கும் எளிய சொல்லுக்கும் விடை தர வேண்டும். எழுத்துச் சிறிதாக இருக்கிறது என்று தேடுபவரிடம் 'திரை அடர்த்தி' என்ற கலைச்சொல்லை எதிர்பார்ப்பது பொருந்தாது.

கருவியைப் பழுதாக்கக்கூடியவற்றை ஏழு தட்டுக்குப் பின்னால் வைப்பதில் தவறில்லை. ஒருவரின் இருப்பிடம், உரையாடல், பழக்கவழக்கம் ஆகியவற்றைப் பிறர் கைக்குச் சேர்க்கும் அமைப்புகள் அவ்வகையின அல்ல. அவை அம்மனிதரைப் பற்றியவை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அதன்பின் 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவதும், அதைக் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் பொத்தான் முதல் திரையிலேயே பெரிதாக நிற்க, அதைத் திரும்பப் பெறும் பொத்தான் ஐந்து பக்கங்களுக்கு உள்ளே கிடக்குமாயின், அவ்வமைப்பு இவ்விதிக்குப் பொருந்துவது எங்ஙனம்?