தூரத்துப் பச்சை

“தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி” என்பது பழமொழி. புகழ்பெற்ற இடங்களைக் காணச் சென்று, “இவ்வளவுதானா?” என்று சலித்துத் திரும்புவோரைக் காணுந்தோறும் அம்மொழியே நம் நினைவுக்கு வருகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணாக்கர் சிலரைக் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு அழைத்துச் சென்றோம். கோணேசர் கோயிலையும் கடலையும் கண்டு வியந்தவர்கள், கன்னியா வெந்நீரூற்றின் முன் நின்றதும் முகம் வாடினர். பொங்கியெழும் நீரை எதிர்பார்த்த அவர்கள் கண்டவை, சுவர் கட்டிய ஏழு சிறு கிணறுகளே. “ஐயா, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றான் ஒருவன். அவன் தந்தையார் வெள்ளவத்தையிற் கடைச் சிப்பந்தி; பயணக் கட்டணத்தை இருமுறையாகச் செலுத்தியவர். ஆதலின் அவ்வினா நம்மைச் சுட்டது.

கன்னியாவிற் குறையில்லை. எரிமலை இல்லாத நம் நாட்டில் வெந்நீர் எங்ஙனம் பிறக்கின்றது? மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தாற் சூடேறி, மீண்டும் மேலெழுகின்றது. அருகருகே உள்ள ஏழு கிணறுகளும் வெவ்வேறு சூடுடையன. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றுதற்பொருட்டுத் தோன்றியவை அவை என்பது ஐதிகம். இவற்றுள் ஒன்றையேனும் புறப்படுமுன் நாம் வகுப்பிற் கூறினோமில்லை. திரும்பும் வழியிற் கூறியபோது அம்மாணவன், “முன்பே சொல்லியிருந்தால் ஏழு கிணற்று நீரையும் தொட்டுப் பார்த்திருப்பேனே!” என்றான். குறை நம்முடையதே.

இஃது உலகெங்கும் உள்ளதே. பாரிஸ் நகரின் லூவர் அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ள மோனாலிசா ஓவியம் 77 சென்ரிமீற்றர் உயரமே உடையது. பெரும் படத்தை மனத்திற்கொண்டு செல்வோர் ஏமாறுகின்றனர். நம் ஓட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ காணக் காலந்தாழ்த்திச் செல்வோர், பள்ளத்தாக்கைக் காணாது மூடுபனியையே பெரும்பாலும் காண்பர். விளம்பரப் படங்கள் அளவையும் சொல்வதில்லை, வேளையையும் சொல்வதில்லை. அவற்றைச் சொல்லவேண்டியவர் ஆசிரியரன்றோ?

ஆதலின், கல்விச் சுற்றுலா பேருந்தில் அன்று, வகுப்பறையிலேயே தொடங்கல் வேண்டும் என்பது நம் துணிபு. நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் நிலநூல் கற்றோரும் வரலாறு வல்லோரும் உளர். பயணச் செலவுக்குப் பொருளுதவும் அவ்வன்பர்கள், புறப்படுமுன் ஒரு மணி நேரம் வந்து மாணாக்கரோடு உரையாடுவாராயின், அதுவே இவ்விழா ஆண்டிற் கல்லூரிக்கு அளிக்கும் பெருங்கொடையாகும்.